டூவோமோன் கோட்டையும் என் ஐஸ்கிரீம் டப்பாக்களும்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பத்து மாதம் யுத்தம் நடந்தது. நானும் என் கணவரும் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்து சாப்பிட்டோம். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிலர் குரலைத் தணித்து, "அண்ணைக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்கிறார்கள். அண்ணைக்கு, அதாவது என் கணவருக்கு, ஒரு குறையும் இல்லை. காருக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற மனுசனுக்குப் பொழுது போகவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவருக்கும் பொழுது போகவில்லை. பிரெஞ்சுப் படையும் ஜெர்மன் படையும் நூறு வருசத்துக்கு முன் வெர்டன் என்ற ஊரைச் சுற்றியிருந்த கோட்டைகளுக்காகப் பிடித்த சண்டையை, இரண்டு பேருமாகச் சேர்ந்து என் மேசையில் மறுபடியும் பிடித்தார்கள்.

நான் ஒரு வாய்க்காரி. அதை முதலே சொல்லிவிடுகிறேன். மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைத்துவிடுவேன். நான் வேலை செய்யும் பேக்கரித் தொழிற்சாலையில் சூப்பர்வைசருக்கே என்னில் கொஞ்சம் பயம். ஆனால் இந்தக் கதையில், சொல்லியே ஆகவேண்டிய ஒன்றை ஐந்து மாதம் சொல்லாமல் வைத்திருந்தவளும் நான்தான்.

யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இப்போது மல்வேர்னில், ஒட்டி ஒட்டிக் கட்டின ஒரு ரவுன்ஹவுஸ் வரிசையில் இருக்கிறோம். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர், இரண்டு வாசல், நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் புல். பக்கத்து வீட்டுக்காரர் மொன்றியலில் பிறந்தவர். ரயில் வேலை செய்தவர். மனைவி இறந்து பத்து வருசம். எண்பது தாண்டிவிட்டது. எங்கள் வழக்கப்படி நாங்கள் அவரை அங்கிள் என்று கூப்பிட்டோம். முதலில் திகைத்தார். பிறகு அவருக்கே அது பிடித்துப்போய், கதவைத் தட்டும்போது "அங்கிள் வந்திருக்கிறன்" என்று தானே சொல்லத் தொடங்கினார். அவர் பேசினது இங்கிலிஸ், கோபம் வந்தால் பிரெஞ்சு. நான் அதை எனக்குக் கேட்ட மாதிரி எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன். என் மனதுக்குள் அவர் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசினார்.

நாங்கள் குடிவந்த முதல் மாதம் அவருக்கு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டுக் கொடுத்தேன். எங்கள் ஆட்களின் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருக்காது என்பது இங்கே பிறந்த பிள்ளைகள் படிக்கிற முதல் ஏமாற்றம். மூன்றாம் நாள் அங்கிள் டப்பாக்களைக் கழுவித் துடைத்து வெறுமையாகக் கொண்டுவந்து தந்தார். நான் சிரித்தபடி வாங்கி உள்ளே வைத்துவிட்டு என் கணவரிடம் முணுமுணுத்தேன். சாப்பாடு வந்த பாத்திரத்தை நாங்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். என் கணவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல் போய் இதை அங்கிளுக்கு விளங்கப்படுத்திவிட்டு வந்தார்.

"கேட்டு வாங்கின மாதிரி எல்லே போச்சுது. உங்களுக்கென்ன விசரே?" என்று நான் அன்று முழுக்கப் பேசினேன்.

ஆனால் அங்கிள் அதை ஒரு சட்டம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்து ஒரு டப்பாவும் வெறுமையாக வரவில்லை. இரண்டு அப்பிள் வரும். பிஸ்கட் வரும். கோடையில் அவர் வாளியில் வளர்த்த தக்காளி வரும். வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில் உண்மையாகவே ஒரு பிடி சீனி வரும்.

மொன்றியலில் அவர் பிறந்த பகுதிக்கும் வெர்டன் என்றுதான் பெயராம். அதனாலேயே சின்ன வயதில் அந்தச் சண்டையைப் பற்றிப் படிக்கத் தொடங்கி எழுபது வருசமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு மாசி மாதம், தானே கீறிய பெரிய வரைபடம் ஒன்றையும், நீலமும் சாம்பலும் பூசிய மரத்துண்டுகள் நிறைந்த ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் சண்டையில் ஒரு கிழமை, ஏழு நாளையும், ஆடி முடிப்பது. மாசியில் தொடங்கினால் மார்கழியில் முடியும், உண்மைச் சண்டை முடிந்த மாதிரி.

"பத்து மாசமோ?" என்றேன்.

"மேசை சும்மாதானே கிடக்குது," என்றார் என் கணவர்.

"சும்மா கிடக்கிற மேசையிலைதான் நாங்கள் சாப்பிடுறனாங்கள்."

யாரும் என்னைக் கவனிக்கவில்லை. வரைபடம் விரிக்கப்பட்டது. அங்கிள் பிரெஞ்சுக்காரன், நீலத் துண்டுகள். என் கணவர் ஜெர்மன்காரன், சாம்பல் துண்டுகள். ஜெர்மன்காரன்தான் அடித்துக்கொண்டு வரவேண்டும், பிரெஞ்சுக்காரன் நின்று பிடிக்கவேண்டும். ஊரைச் சுற்றிக் கோட்டைகள். அவற்றில் பெரியது தீப்பெட்டி அளவில் மண்நிறம் பூசிய ஒரு கட்டை. ஐந்து மூலை வைத்து அங்கிள் தன் கையாலேயே செதுக்கியது. அதற்கு டூவோமோன் என்று பெயர். என் கணவர் அதை ஒரு நாளும் சரியாகச் சொல்லவில்லை. "பெரிய கோட்டை" என்பார்.

மாசி போய், பங்குனி போய், சித்திரையும் வந்தது. என் கணவரின் படை மேடு ஏறியது, காட்டுக்குள் இறங்கியது, ஆற்றுக்கு அந்தப் பக்கமும் போய் வந்தது. பெரிய கோட்டைப் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்கவில்லை. கடைசியில் அங்கிளுக்கே பொறுக்கவில்லை.

"ஏன் உந்தக் கோட்டையைச் சுத்திச் சுத்திப் போறீர்?" என்று கேட்டார்.

"கோட்டைக்குக் கிட்டப் போகப்படாது அங்கிள்," என்றார் என் கணவர். அடுப்புக்குக் கிட்டப் போகாதே என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற குரல்.

நான் குசினியில் சமைத்தபடி நின்று கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்துக் கோட்டைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் அவர். கோட்டைக்குள் ஆமி இருந்த காலத்தில், உள்ளேயிருந்து ஷெல் வந்த காலத்தில், பசிக்கு ஒரு றாத்தல் பாண் வாங்குவதற்கு மூன்று மைல் சுற்றிப் போய் வந்தவர். கோட்டை என்றால் விலகிப் போவதுதான் அவருடைய கால்களுக்குத் தெரியும். உலகத்தில் எந்த ஜெர்மன் தளபதியும் விடாத பிழையை எங்கள் யாழ்ப்பாணத்து ஜெர்மன் தளபதி விட்டுக்கொண்டிருந்தார்.

கிட்டப் போகப்படாது என்றதைக் கேட்டு அங்கிள் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "அந்தக் கோட்டைக்குள்ளை ஆக்களே இல்லையடாப்பா," என்றார். பிரெஞ்சுக்காரரே அதிலிருந்த பெரும்பாலான பீரங்கிகளை முன்கூட்டியே கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். உள்ளே இருந்தது வயது போன ஐம்பது சொச்சம் பேர். சண்டை தொடங்கி ஐந்தாம் நாள் கொஞ்ச ஜெர்மன்காரர் உள்ளே நடந்து போனார்கள். தடுக்க ஒருவரும் இல்லை. அவ்வளவு பெரிய கோட்டை சண்டையே இல்லாமல் போய்விட்டது. அதைத் திருப்பிப் பிடிக்க எட்டு மாதமும் எண்ணமுடியாத உயிர்களும் வேண்டியிருந்தன.

"வெளியிலை இருந்து பாத்தால் ஒருதருக்கும் தெரியாது," என்றார் அங்கிள்.

அவர் போனபிறகு, "இனியெண்டாலும் போய்ப் பிடியுங்கோவன். எனக்கு மேசையாவது கிடைக்கும்," என்றேன்.

"மனுசன் தன்ரை வாயாலை சொன்னபிறகு போய்ப் பிடிக்கிறது மரியாதையே?" என்றார் என் கணவர். அத்தோடு அவர் அந்தக் கோட்டையைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். இப்படியான ஒரு ஆளோடு நான் முப்பத்தைந்து வருசம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்கு அவரில் கோபமும் வந்தது, ஆசையும் வந்தது.

வைகாசி மாதத்தில் டப்பாக்கள் திரும்பி வருவது குறைந்தது. ஒரு டப்பாவுக்குள் டோர்ச்சுக்குப் போடுகிற இரண்டு பற்றரி வந்தது. பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அடுத்ததில் நான் கொடுத்த கத்தரிக்காய்க் கறி தொடாமல் அப்படியே இருந்தது. அதற்கு மேலே ஒரு அப்பிள் வைத்திருந்தார். அதையும் பகிடி என்று நினைக்க முயன்றேன்.

பிறகு ஒருநாள் பின்னேரம் வேலையால் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். எங்கள் வரிசைக்கெல்லாம் தெருமுனையில் ஒரே இடத்தில்தான் தபால் பெட்டிகள். அங்கிள் அங்கே சாவியோடு நின்றார். பெட்டி அவருக்குப் பின்னால் இருந்தது. என்னைக் கண்டதும் மெதுவாக, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். வாசலில் வைத்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பிள்ளை, என்ரை மகளுக்குச் சொல்லாதை. தெரிஞ்சால் கொண்டுபோய் ஹோமிலை விட்டிடுவள். மார்கழி வரைக்கும் என்னை இந்த வீட்டிலை இருக்க விடுங்கோ. சண்டை முடியட்டும்."

மகளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் நகரத்தின் மற்றக் கோடியில், ரெக்ஸ்டேல் பக்கம் இருந்தாள். வேலை, பிள்ளைகள். மாதம் ஒருமுறை வருவாள், வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்குப் போன் எடுப்பாள். "அப்பாவாலை தனிய இருக்க ஏலாது எண்டு கண்டால் எனக்கு உடனை சொல்லுங்கோ, உங்களைத்தான் நம்பியிருக்கிறன்" என்று அவள் எனக்குத் திறந்து சொல்லியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை நான் சொன்னேன், "அங்கிள் நல்லா இருக்கிறார். ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ."

நோய் வருத்தத்தை வெளியே விடாமல் இருப்பது எங்கள் ஆட்களுக்கு மரியாதை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவரைக் கேட்டாலும் "சும்மா ஒரு காய்ச்சல்" என்றுதான் சொல்லுவார். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்லி என்ன பிரயோசனம், வீணாகக் கவலைப்படும் என்று எல்லாருமாகச் சேர்ந்து மூடுவோம். நானும் மூடினேன். எனக்கு அது பொய் என்றே படவில்லை.

ஆனி மாதம் இன்னொரு அநியாயம் நடந்தது. பெரிய கோட்டை காணாமல் போய்விட்டது. ஞாயிறு இருந்தது, திங்கள் இல்லை.

"நீர் வாக்கியூம் பிடிச்சனீர்தானே?" என்றார் என் கணவர்.

"பிடிச்சனான். வாக்கியூம் கோட்டையைக் குடிக்குமோ?"

குடித்திருக்கும் என்றுதான் அவர் நம்பினார். நான் அந்தத் தூசி உறிஞ்சும் மெசினின் பையை வெளியே கொண்டுபோய்ப் பேப்பரில் கொட்டி, தூசியையும் தலைமயிரையும் விரலால் கிண்டிப் பார்த்தேன். இல்லை. கடைசியில் தைல டின் ஒன்றின் மூடியைக் கோட்டை இருந்த இடத்தில் வைத்தோம். அங்கிள் கோட்டையைத் தேடவே இல்லை. தைல மூடியை மணந்து பார்த்துச் சிரித்தார். வாக்கியூமின் பழி மட்டும் என் தலையில் நின்றது.

அந்தக் கோடை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒரு கிழவரைக் காவல் காத்தோம். வெர்டன் ஊருக்குச் சாமான் போக ஒரேயொரு றோட்டுத்தான் இருந்ததாம். இரவு பகலாக லொறி ஓடியதாம். எங்கள் புல்லிலும் அப்படித்தான் ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்தது. காலையில் என் கணவர் போய்க் குளிசைப் பெட்டியைத் திறந்து மருந்து விழுங்கினாரா என்று பார்ப்பார். குப்பை நாளில் அவருடைய வாளியையும் இழுத்துக்கொண்டு போய் வைப்பார். பின்னேரம் நான் டப்பாவோடு போவேன். டப்பாக்கள் போனதே தவிர வரவில்லை. எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டு டப்பா சேர்க்கவேண்டிய நிலை வந்தது.

மகள் வருகிற நாளுக்கு முதல்நாள் நான் அவருடைய பிரிட்ஜில் இருந்த பழைய பாலையும் புளித்த கறியையும் அள்ளிக் கொட்டுவேன். என் கணவர் புல் வெட்டுவார். மகள் வந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கும். அங்கிளும் அன்றைக்கு எப்படியோ தன்னைத் திரட்டிக்கொண்டு நன்றாகக் கதைப்பார். அவள் சந்தோசமாகப் போவாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் எழும்பாமல் நித்திரை கொள்வார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறது என்பார்கள். நான் ஒரு முழுக் கிழவரையே சொதிக்குள் மறைத்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டை தொடர்ந்தது. அங்கிள் ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார். என் கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்கள் இதிலை வைக்கப் போறீங்கள் போலை" என்று மெதுவாக வாங்கி அவருக்காக வைப்பார். புரட்டாதி வரும்போது இரண்டு படையையும் என் கணவர்தான் நடத்தினார். தானே அடிப்பார், தானே பின்வாங்குவார், பின்வாங்கிவிட்டு "நல்ல அடி அங்கிள்" என்பார். அங்கிளுக்கு முகம் மலரும். கண்டறியாத விளையாட்டு என்று சொல்ல வாயெடுத்தவள், அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. என் கணவர் கடைக்குப் போயிருந்தார். நான் வேலையால் வந்து வாசலுக்கு வர, பிளாஸ்டிக் எரிகிற மணம். பக்கத்து வீட்டுக்குள் புகை அலாம் கத்திக்கொண்டிருந்தது. அவருடைய சாவி ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். கதவைத் திறந்தால் குசினி கறுப்பாய்க் கிடந்தது. அடுப்பு சிவந்து எரிய, அதன்மேல் என் ஐஸ்கிரீம் டப்பா உருகி வழிந்து புகைந்துகொண்டிருந்தது. அங்கிள் கையில் கரண்டியோடு பக்கத்தில் கதிரையில் இருந்தார், சாப்பாடு சூடாகும் என்று பார்த்துக்கொண்டு.

நான் அடுப்பை நிறுத்தி, அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்து புல்லில் இருத்தினேன். இருமி இருமிக் களைத்தார்.

"சொதி சூடாகேல்லை," என்றார்.

நான் அவருடைய முதுகைத் தடவிவிட்டேன். நான் பிடித்த பஸ்ஸை விட்டிருந்தால் அடுத்தது வர இன்னும் கன நேரம். அவர் அதற்குள் செத்திருப்பார். என் டப்பாவால், என் சொதியால். என் கணவர் வந்து யன்னல்களைத் திறந்தார். நான் படியில் இருந்தபடி அழுதேன்.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. போன் எடுக்கும்போதெல்லாம் என் தங்கச்சி "அம்மா கோயிலுக்குப் போட்டா, அம்மா நித்திரை" என்றாள். சொன்னபோது நான் ரிக்கெற் போட்டுப் போய் இறங்க, எல்லாம் முடிந்திருந்தது. "எனக்குச் சொல்லாமல் விட நீ ஆர்?" என்று அவளைக் கேட்டேன். நாலு வருசம் அவளோடு கதைக்கவில்லை. அதே வேலையைத்தான் நான் இப்போது இன்னொருவரின் மகளுக்குச் செய்துகொண்டிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கோட்டை. உள்ளே பீரங்கியும் இல்லை, ஆளும் இல்லை. அப்படி ஒரு கோட்டை நிற்கிறது என்று ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தவள் நான்.

வெள்ளிக்கிழமை வரை நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அன்றைக்கே போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். தபால் பெட்டி, பற்றரி, குளிசை, பிரிட்ஜ், அடுப்பு. ஒன்றையும் விடவில்லை.

அவள் முழுவதையும் கேட்டு முடித்தாள். பிறகு, "அஞ்சு மாசமோ?" என்றாள். "நான் உங்களை எல்லே நம்பினனான்."

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "என்னிலைதான் பிழை," என்று மட்டும் சொன்னேன்.

என் கணவர் என்னோடு முகம் கொடுக்கவில்லை.

"மார்கழிக்கு இன்னும் ரண்டு மாசம்தானே," என்றார்.

"உங்களுக்குச் சண்டையோ முக்கியம், ஆளோ?"

"ஆளுக்குச் சண்டைதானே முக்கியம்."

கார்த்திகையில் மகள் வந்து அங்கிளைக் கூட்டிக்கொண்டு போனாள். தன் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு இடம் எடுத்திருந்தாள். அங்கிள் கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். என் கணவருக்குக் கை கொடுத்தார். என் முன்னால் நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"நீ சொல்லிப்போட்டாய்," என்றார்.

எதையெதையோ மறந்தவருக்கு அது மட்டும் நினைவில் இருந்தது.

"ஓம் அங்கிள். நான்தான் சொன்னனான்."

அவர் திரும்பி நடந்து காரில் ஏறினார். நான் கையில் வைத்திருந்த இடியப்ப டப்பாவை மகள் வாங்கிப் பின் சீற்றில் வைத்தாள். கார் போனபிறகும் நான் அந்தப் புல்லில் நின்றேன். சரியானதைச் செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு எரிந்தது.

"மேசையைத் துப்புரவாக்கட்டோ?" என்று அன்றிரவு என் கணவர் கேட்டார்.

"கிடக்கட்டும்," என்றேன். கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மகள் வீட்டை ஒழுங்குபண்ண வந்தாள். ஒரு பின்னேரம் எங்கள் கதவைத் தட்டினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பெரிய காட்போட் பெட்டிகள்.

"உங்கடை எண்டு நினைக்கிறன். அப்பாவின்ரை உடுப்பு அலுமாரிக்குள்ளை அடுக்கி இருந்தது."

பெட்டி நிறைய என் டப்பாக்கள். முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் கழுவி, மூடி போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. நான் மேலே இருந்ததைத் திறந்தேன். ஒரு பிடி சீனி, கட்டிபட்டுப்போய். அடுத்ததில் நாலு பிஸ்கட். அடுத்ததில் சுருங்கிக் காய்ந்த இரண்டு அப்பிள். தேயிலைப் பைகள். ஒரு சோடிக் கையுறை. அனுப்பாத நத்தார் வாழ்த்து அட்டை. பென்சில். பற்றரி. கறுத்துப்போன தக்காளி. நான் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனேன். ஒன்றும் வெறுமையாக இல்லை. ஒவ்வொரு டப்பாவையும் எனக்குத் திருப்பித் தருவதற்காக நிரப்பியிருக்கிறார். நிரப்பிவிட்டு, கொண்டுவர மறந்திருக்கிறார்.

"என்ன இது? ஏன் இப்பிடிச் செய்திருக்கிறார்?" என்று மகள் கேட்டாள்.

நான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுப்பதில்லை என்று. அவள் டப்பாக்களுக்கு நடுவில் அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

"நீங்கள் சொல்லாமல் விட்டதுக்கு எனக்கு இன்னும் கோபம் இருக்கு," என்றாள் கடைசியில். "ஆனால் இவ்வளவு நாளும் சாப்பாடு…" சீனி டப்பாவின் மூடியைத் திரும்பத் திரும்ப அழுத்தி மூடினாள். நானும் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பேரும் நன்றாக அழுதோம்.

அடியில் ஒரு சின்ன மாஜரின் டப்பா கிடந்தது. ஆட்டினால் கடகடத்தது. திறந்தேன். கடதாசியில் சுற்றி, ஐந்து மூலையோடு, டூவோமோன்.

"வாக்கியூமாம், வாக்கியூம்," என்று என் கணவரிடம் நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து அதைக் கனநேரம் பார்த்தார்.

"மனுசன் ஆனி மாசமே கோட்டையை எங்களுக்கெண்டு எடுத்து வைச்சிட்டார்," என்றார். "நான் அதுக்குப் பிறகும் சுத்திச் சுத்திப் போயிருக்கிறன்." சொல்லிவிட்டு எழும்பிப் போய்க் குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று பஸ் மாறி அங்கிளைப் பார்க்கப் போனோம். இனிமேல் பிளாஸ்டிக் வேண்டாம் என்று இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு ஒரு சில்வர் பெட்டியில் கொண்டுபோனேன். அங்கிள் யன்னலோரம் இருந்தார். என் கணவர் கோட்டையை எடுத்து யன்னல் விளிம்பில் வைத்தார். அங்கிள் அதைத் தொட்டு, ஐந்து மூலையையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"இப்ப எந்த மாசம்?" என்று கேட்டார்.

வெளியே மார்கழிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"மாசி, அங்கிள். இண்டைக்குத்தான் தொடங்கினது," என்றார் என் கணவர்.

அங்கிள் தலையாட்டினார். இடியப்பத்தை முழுக்கச் சாப்பிட்டார். ஆனால் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. என்னை ஆரென்று தெரியவில்லையா, தெரிந்துதான் பார்க்கவில்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கொஞ்ச நேரம் தாதியோடு கதைத்துவிட்டு வர அவர் கதிரையிலேயே நித்திரையாகியிருந்தார். பெட்டி மூடியபடி பக்கத்தில் இருந்தது. எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் பைக்குள் ஏதோ சரசரப்பது கேட்டது. பெட்டியைத் திறந்தேன். சொதி ஒட்டியிருந்த அடியில், அந்த இல்லத்துச் சாப்பாட்டு அறையில் தேத்தண்ணிக்கு வைக்கிற சின்னக் கடதாசிப் பைகள் மூன்று. சீனி.

என் கணவருக்குக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மூடியை மூடிப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வாய்க்காரி நான், மல்வேர்ன் வரும்வரை ஒரு சொல் பேசவில்லை.